மீகாமனும் அனுமதிப்பத்திரமும்

கற்றவரையும் கல்லாதவரையும் ஒருங்கே திகைக்கவைக்கும் எழுத்துக்கள் சில உள. காணி உறுதி அவற்றுள் ஒன்று. நீதிமன்ற அழைப்பாணை இன்னொன்று. காப்புறுதிப் பத்திரம் மற்றொன்று. இத்தகைய எழுத்தைக் கையிலே ஏந்தி நிற்பவன், அதன் பொருளை எடுத்துரைக்க வல்ல ஒருவரைத் தேடுதல் இயல்பு. கச்சேரி வாசலிலே மனு எழுதிக் கொடுப்போருக்குத் தொழில் கிடைத்ததும் இத்தேவையினாலேயே. ஆயினும், வழிகாட்ட வருபவர் நேர்மையாளரா, வஞ்சகரா என்பதை வழியறியாதவன் எங்ஙனம் அறிவான்? இவ்விடத்திலேதான் அரசு குறுக்கிட்டு, இன்னார் வழிகாட்டலாம், இன்னார் காட்டலாகாது என்று விதி வகுக்கின்றது. அவ்விதி ஏழைக்கு அரணாகவும் அமையலாம். அவனுக்குக் கிடைத்த துணையைப் பறிக்கும் வேலியாகவும் அமையலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மருத்துவக் காப்புறுதி பெற விரும்புவோர்க்குத் துணைபுரிந்தோரை மாநில அரசுகள் கட்டுப்படுத்த முனைந்த வரலாறு, இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவதாகும்.

அரசாங்க ஆசுபத்திரியிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் வழக்கமுடைய இலங்கையருக்கு, நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே காப்புறுதிக் கம்பனி ஒன்று ஏன் நிற்கவேண்டும் என்பது வியப்பாகத் தோன்றலாம். அமெரிக்காவிலே முதியோர்க்கும் மிக வறியோர்க்கும் அரசாங்கத் திட்டங்கள் உளவேனும், ஏனையோருட் பெரும்பாலார் தொழில் வழங்குவோர் மூலமாகவோ தாமாகவோ தனியார் காப்புறுதியையே நாடவேண்டியவராவர். காப்புறுதியில்லாதவன் ஒருமுறை ஆசுபத்திரியிற் படுத்தெழுந்தால், வாழ்நாள் முழுதும் அடைக்கவேண்டிய கடனோடு வீடு திரும்புதலும் கூடும். ஆகவே அங்குக் காப்புறுதிப் பத்திரம் என்பது வெறுங் கடதாசியன்று. குடும்பத்தின் உயிர்நிலை எனலாம்.

இவ்வரலாற்றின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உள்ளது. காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்வதற்கென நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1851ஆம் ஆண்டிலேயே ஆணையாளர்களை நியமித்தது. பிற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியைப் பின்பற்றின. காரணம் வெளிப்படை. துணி வாங்குபவன் அதனைத் தடவிப் பார்த்து வாங்குகின்றான். நெல் வாங்குபவன் ஒரு மணியைக் கடித்துப் பார்க்கின்றான். காப்புறுதி வாங்குபவனோ ஒரு வாக்குறுதியையே வாங்குகின்றான். அவ்வாக்குறுதி மெய்யா பொய்யா என்பது இடர் வந்தபின்னரே தெரியவரும். அப்பொழுது விற்றவன் ஊரிலே இல்லாதிருக்கவுங் கூடும்.

1866ஆம் ஆண்டிலே வெர்ஜீனியா மாநிலம், வெளிமாநிலக் காப்புறுதிக் கம்பனிகள் தம் பெயரிலே ஈட்டுப் பத்திரங்களை மாநிலப் பொருளாளரிடம் வைப்புச் செய்து அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றும், அஃதில்லாத கம்பனிகளுக்காக எவரும் முகவராகத் தொழில் செய்யலாகாது என்றும் சட்டம் இயற்றியது. பீற்றர்ஸ்பேர்க் நகரிலே சாமுவேல் போல் என்பார், நியூயோர்க் நகரத் தீக்காப்புறுதிக் கம்பனிகள் சிலவற்றின் முகவராயினார். கம்பனிகள் ஈடு வைக்காமையால் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் அதனைப் பொருட்படுத்தாது ஒரு பத்திரத்தை விற்றார். 50 டொலர் தண்டமும் பெற்றார். ஐம்பது டொலர் வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. காப்புறுதி ஒப்பந்தம் மாநிலங்களுக்கிடையிலான வாணிபமாகாது, ஆதலின் அதனை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கே உரியது என 1869ஆம் ஆண்டிலே அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முகவர் ஒருவரின் அனுமதிப்பத்திரத்திலே தொடங்கிய அத்தீர்ப்பு முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. 1944ஆம் ஆண்டிலே, தென்கிழக்குக் காப்புறுதியாளர் சங்கத்தின் மீதான வழக்கிலே, உயர் நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, காப்புறுதியும் மாநிலங்களுக்கிடையிலான வாணிபமே என்றது. மாநிலங்கள் அஞ்சின; கம்பனிகளும் அஞ்சின. மறு ஆண்டிலேயே, 1945ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, காங்கிரஸ் மக்கரன்-பேர்கசன் சட்டத்தை இயற்றி, காப்புறுதியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மாநிலங்களிடமே இருக்கட்டும் என வகுத்தது. இதனால் இன்றும் அமெரிக்காவிலே காப்புறுதி முகவருக்கு அனுமதி வழங்குவது மாநிலமே. தவறு செய்தவரின் அனுமதியைப் பறிப்பதும் மாநிலமே.

இம்முறை விற்பவனைக் கண்காணித்தது; ஆனால் வாங்குபவனுக்கு அறிவூட்டவில்லை. இக்குறை முதியோர் விடயத்திலே வெளிப்பட்டது. 1965ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி, மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டென்ஸ் என்னும் ஊரிலே, முன்னாள் சனாதிபதி ட்ரூமன் அருகிலிருக்க, சனாதிபதி ஜோன்சன் முதியோர்க்கான மருத்துவக் காப்புறுதிச் சட்டத்திலே கையொப்பமிட்டார். மெடிகெயார் எனப்படும் அத்திட்டம் எல்லாச் செலவையும் ஏற்பதன்று. எஞ்சிய பகுதியை நிரப்புவதாகக் கூறித் தனியார் கம்பனிகள் துணைக்காப்புறுதிப் பத்திரங்களை விற்றன. ஒரே முதியவரிடம் ஒரே பயனுக்காகப் பல பத்திரங்களைத் தலையிற் கட்டிய முகவர்களும் இருந்தனர். அவர்களும் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பத்திரம் ஒவ்வொன்றும் விற்றவருக்குத் தரகுப் பணம் ஈட்டித் தந்தது.

1978ஆம் ஆண்டிலே காங்கிரசின் முதியோர் விவகாரக் குழு இம்முறைகேடுகளை விசாரித்தது. 1980ஆம் ஆண்டிலே முதலாவது சீர்திருத்தம் வந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டமோ இரு காரியங்களைச் செய்தது. துணைக்காப்புறுதிப் பத்திரங்களை ஒரு சில வகைகளாக ஒழுங்குபடுத்தி, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியதாக்கியது. அத்துடன், எக்கம்பனியையும் சாராத ஆலோசகர்கள் முதியோர்க்கு இலவசமாக விளக்கங் கூறுவதற்கென மாநிலங்களுக்கு மானியமும் வழங்கியது. அவ்வாலோசகருட் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். விற்பவனுக்குத் தண்டம் விதித்தால் மட்டும் போதாது. வாங்குபவன் பக்கத்திலே, இலாபம் நாடாத ஒருவர் அமர்ந்து எடுத்துச் சொல்லவும் வேண்டும் என்னும் உண்மை இவ்வாறு சட்டத்திலே இடம்பெற்றது.

இருபது ஆண்டுகளின் பின்னர் அதே எண்ணம் பெரிய அளவிலே மீண்டும் தோன்றியது. 2010ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி சனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட மருத்துவக் காப்புறுதிச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு காப்புறுதிச் சந்தையை அமைக்க வகை செய்தது. தொழில்வழியே காப்புறுதி பெறாதவர் அச்சந்தையிலே பல திட்டங்களை ஒப்பிட்டு, வருமானத்துக்கேற்ற அரசாங்க உதவியுடன் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். மாநிலம் சந்தையை நடத்த மறுத்தால், சமஷ்டி அரசாங்கமே அதனை நடத்தும்.

இச்சட்டத்தை ஆக்கியோர் ஒன்றை உணர்ந்திருந்தனர். 2013ஆம் ஆண்டிலே அந்நாட்டிற் காப்புறுதியில்லாதோர் ஏறத்தாழ 4 கோடி 20 இலட்சம் பேர். அவர்களுள் ஒருபோதும் காப்புறுதிப் பத்திரத்தைக் கண்டிராதவரும் உளர். ஆங்கிலம் அறியாத குடியேறிகளும் உளர். தவணைப் பணம் குறைந்த திட்டத்திலே, நோய் வந்தபொழுது நோயாளி தன் கையிலிருந்து முதலிற் கொடுக்கவேண்டிய தொகை மிகும். தவணைப் பணம் கூடிய திட்டத்திலே அத்தொகை குறையும். எது தனக்கு ஏற்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிதன்று. ஆகவே ‘நெவிகேற்றர்’ என்னும் பெயரால் ஒரு புதிய பணியாளரைச் சட்டம் உண்டாக்கியது. கப்பலை வழிசெலுத்துவோனைக் குறிக்கும் சொல் அது. தமிழிலே மீகாமன் எனலாம். மக்களுக்குச் சந்தையைப் பற்றி அறிவூட்டல், பக்கஞ்சாராத செய்தியைக் கூறல், திட்டத்திலே சேர உதவல், அவரவர் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ப விளக்கல் ஆகியன அவர் கடமைகள். காப்புறுதிக் கம்பனிகளிடம் அவர் ஒரு சதமேனும் பெறலாகாது.

2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, சமஷ்டி அரசாங்கம் பொறுப்பேற்ற மாநிலங்களிலே இப்பணி செய்வதற்கு, பல்கலைக்கழகங்கள், சமூகநல அமைப்புகள், மருத்துவ நிலையங்கள் முதலிய 105 விண்ணப்பதாரிகளுக்கு 6 கோடி 70 இலட்சம் டொலர் மானியம் வழங்கப்பட்டது. வழிகாட்டுநர் இருபது மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேறவேண்டும் என விதிக்கப்பட்டது. மானியமின்றித் தொண்டாக உதவும் ஆலோசகர்களுக்கும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. ஒக்டோபர் முதலாந் திகதி சந்தை திறந்தது. அரசாங்கத்தின் கணினித்தளம் முதல் நாளிலேயே செயலிழந்து தடுமாறியது. அன்று அதன்வழியே காப்புறுதியிற் சேர்ந்து முடித்தவர் ஆறே பேர் என அரசாங்கக் குறிப்புகள் பின்னர் காட்டின. பக்கத்திலிருந்து உதவுவோரின் தேவை அன்றுபோல் என்றும் உணரப்பட்டதில்லை.

அவ்வேளையிலேதான் மாநிலங்களின் விதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சமஷ்டிச் சந்தை நடைபெற்ற மாநிலங்களுட் பதினைந்துக்கு மேற்பட்டவை, வழிகாட்டுநர்களுக்கென அனுமதி விதிகளையோ பிற கட்டுப்பாடுகளையோ ஏற்படுத்தின. அவற்றின் நோக்கம் யாது என்பதிலே கருத்து வேறுபாடு இருந்தது. மாநிலங்களின் வாதத்தை எளிதிலே தள்ளிவிட முடியாது. வழிகாட்டுநர் ஏழையின் வருமானம், சமூகப் பாதுகாப்பு இலக்கம் முதலிய அந்தரங்க விவரங்களைக் காண்பவர்; அவருட் குற்றவாளி ஒருவர் புகுந்தால் விளையும் கேடு பெரிது. 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பதின்மூன்று மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் இவ்வச்சத்தை எழுத்து மூலம் சமஷ்டி அரசாங்கத்துக்கு அறிவித்தனர். முகவருக்குப் பரீட்சையும் அனுமதியும் உண்டெனின் வழிகாட்டுநருக்கு மட்டும் ஏன் இருத்தலாகாது என்று முகவர் சங்கத்தினரும் வினவினர். இவ்வினாவிலே நியாயமும் இருந்தது. தம் தொழிலுக்குப் போட்டி வருமென்ற அச்சமும் கலந்திருந்தது. அத்துடன், விதி வகுத்த மாநிலங்களுட் பெரும்பாலானவை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையே எதிர்த்த கட்சியின் ஆட்சியிலிருந்தன என்பதையும் வரலாறு மறைத்தல் தகாது.

விதிகள் ஒரே தன்மையின அல்ல. குற்றப் பின்னணியை ஆராய்தல், கைவிரலடையாளம் பெறல் போன்றவை பாதுகாப்பின்பாற்பட்டவை. டெக்சாஸ் மாநிலத்திலே 2013ஆம் ஆண்டிற் காப்புறுதியில்லாதோர் நூற்றுக்கு இருபத்திரண்டு பேர். அம்மாநிலம் 2014ஆம் ஆண்டு தொடக்கத்திலே, சமஷ்டிப் பயிற்சிக்கு மேலாக இன்னும் இருபது மணி நேரப் பயிற்சி வேண்டுமென்றது. முதலில் நாற்பது மணி நேரம் எனக் கருதிப் பின்னர் குறைத்தது. பயிற்சி நன்றே. ஆயினும் சந்தையின் முதற் பருவம் மார்ச் மாத இறுதியுடன் முடிவதாக இருந்தமையால், பயிற்சியிற் கழிந்த ஒவ்வொரு நாளும் மக்கள் துணையின்றி நின்ற நாளாயிற்று.

ஒகையோ மாநிலச் சட்டம், காப்புறுதிக் கம்பனிகளிடமிருந்து பணம் பெறும் நிறுவனங்கள் வழிகாட்டுநராகலாகாது என்றது. கேட்பதற்குச் சரியானதாகத் தோன்றும் இவ்விதியின் கீழ் ஆசுபத்திரிகளும் அகப்பட்டன. நோயாளியின் சிகிச்சைக்குரிய தொகையைக் கம்பனிகளிடம் பெறாத ஆசுபத்திரி அங்கு இல்லை. ஆகவே சின்சினாட்டி நகரின் சிறுவர் மருத்துவமனை, தனக்கு வழங்கப்பட்ட ஓர் இலட்சத்து இருபத்துநாலாயிரம் டொலருக்கு மேற்பட்ட மானியத்தைக் கைவிட்டது. புளோரிடாவிலே, வழிகாட்டுநர்கள் மாவட்டச் சுகாதார நிலையங்களின் வளவுக்குள்ளே தம் பணியைச் செய்யலாகாது என 2013ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பணிப்புரை விடுக்கப்பட்டது. காப்புறுதியற்ற ஏழைகள் நாடோறும் வந்து கூடும் இடம் அதுவே.

டெனசி மாநிலத்தின் அவசர விதிகளோ மிகப் பரந்தவை. காப்புறுதியிற் சேர எவ்வகையிலேனும் உதவுபவர் பதிவு செய்யவேண்டும். தவறினால் ஆயிரம் டொலர் தண்டம். நூலகத்திலே கணினியை இயக்கிக் காட்டும் நூலகரும், ஆலயத்திலே அன்பர்க்குப் புத்தி கூறும் குருவும் இவ்விதியிற் சிக்குவரோ என்னும் ஐயம் எழுந்தது. பெண் வாக்காளர் கழகம் முதலியோர் வழக்குத் தொடுத்தனர். 2013ஆம் ஆண்டு ஒக்டோபரிலே மாநிலம் விதியின் பொருளைச் சுருக்கிக்கொள்ள உடன்பட்டது.

இவ்வரலாற்றின் மையம் மிசூரி மாநிலமாகும். முதியோர் சட்டம் கையொப்பம் பெற்ற அதே மாநிலத்திலே, 2012ஆம் ஆண்டு நவம்பரில், சட்டசபையினதோ வாக்காளரினதோ அங்கீகாரமின்றி ஆட்சியாளர் காப்புறுதிச் சந்தை அமைக்கலாகாது என மக்கள் வாக்களித்தனர். ஆதலின் சந்தை சமஷ்டி அரசாங்கத்தின் கையிலே இருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வழிகாட்டுநர் மாநில அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. அதனோடு நில்லாது மூன்று தடைகளையும் விதித்தது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் பயன்களையும் நிபந்தனைகளையும் பற்றி அவர் ஆலோசனை கூறலாகாது. ஒருவருக்கு எது மேல், எது கீழ் எனச் சொல்லலாகாது. சந்தைக்கு வெளியேயுள்ள திட்டங்களைப் பற்றி எத்தகவலும் தரலாகாது. முகவர் மூலம் ஏற்கெனவே காப்புறுதி பெற்றவர் வந்தால், அனுமதி பெற்ற முகவரிடம் கலந்தாலோசிக்குமாறு அவரிடம் கூறவேண்டும்.

நோயுற்ற ஒருவர் வந்து, “இவ்விரு திட்டங்களுள் என் மருந்துக்குப் பணங் கொடுப்பது எது?” என்று வினவுவதாகக் கொள்வோம். சமஷ்டிச் சட்டப்படி வழிகாட்டுநர் திட்டங்களின் வேறுபாட்டை விளக்கக் கடமைப்பட்டவர். மாநிலச் சட்டப்படி விளக்கினால் அவர் குற்றவாளி. ஒன்றைக் கைக்கொண்டால் மற்றொன்றை மீறவேண்டிய நிலை. எயிட்ஸ் நோயாளர்க்குத் தொண்டு செய்யும் சென் லூயிஸ் நகர அமைப்பொன்றும் வேறு சில அமைப்புகளும் நீதிமன்றஞ் சென்றன.

2014ஆம் ஆண்டு சனவரி 23ஆந் திகதி, சமஷ்டி மாவட்ட நீதிபதி ஓர்ட்றி சிமித், மாநிலச் சட்டம் முழுவதையும் செயற்படுத்தலாகாது என இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தார். மாநிலம் மேன்முறையீடு செய்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆந் திகதி எட்டாஞ் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இரு தரப்பாருக்கும் ஒரு பாடமாக அமைந்தது. அனுமதிப்பத்திரம் கோரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டமே, தன்னைத் தடுக்காத மாநிலச் சட்டங்களுக்கு இடம் விட்டுள்ளது. ஆதலின் சட்டம் முழுவதையும் நிறுத்தியது பொருந்தாது என நீதிமன்றம் கூறியது. ஆனால், வழிகாட்டுநரின் கடமையையே செய்யவிடாது தடுக்கும் அம்மூன்று விதிகளும் சமஷ்டிச் சட்டத்துக்கு முரண்பட்டனவாகத் தோன்றுகின்றன என்று, அவற்றின் மீதான தடையை உறுதி செய்தது. யார் வழிகாட்டலாம் என்று மாநிலம் கேட்கலாம்; வழிகாட்டலாகாது என்று வாயைக் கட்டலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதற்கிடையே, 2014ஆம் ஆண்டு மே மாதத்திலே சமஷ்டி அரசாங்கமும் தன் விதிகளைத் தெளிவுபடுத்தியது. வழிகாட்டுநர் தம்மிடம் வருவோரை முகவரிடம் அனுப்பவேண்டும் என வற்புறுத்தும் மாநில விதிகள் செல்லாதனவற்றுட் சேர்க்கப்பட்டன. தன் பணியாளர் மீதும் அது கட்டுப்பாடு விதித்தது. அழையாத வீட்டுக்குச் சென்று விண்ணப்பம் நிரப்ப முயலுதல் தடுக்கப்பட்டது. இத்தடை 2023ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது.

வழிகாட்டுநரைக் குறைப்பதற்கு விதியைவிட வலிய கருவி ஒன்று உண்டு, அது பணப்பை. 6 கோடி 30 இலட்சம் டொலராக இருந்த மானியம் 2017ஆம் ஆண்டிலே 3 கோடி 60 இலட்சத்தளவுக்கும், 2018ஆம் ஆண்டிலே ஒரு கோடிக்கும் குறைக்கப்பட்டது. ஆட்சி மாறியபின் 2021ஆம் ஆண்டிலே எட்டுக் கோடியாகவும், 2024ஆம் ஆண்டிலே பத்துக் கோடியாகவும் உயர்ந்தது. மீண்டும் ஆட்சி மாற, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அதனை ஒரு கோடியாகக் குறைக்கும் அறிவித்தல் வெளியாயிற்று. வழிகாட்டுநரின் செலவுக்கேற்ற தொகையினர் காப்புறுதியிற் சேரவில்லை என்பது குறைத்தோர் கூறிய காரணம். அரைநாள் அமர்ந்து ஒரு குடும்பத்துக்கு விளக்கி அனுப்புவதன் பயனைத் தலைக்கணக்கால் அளத்தல் இயலாது என்பது மறுதரப்பார் விடை.

அனுமதிப்பத்திரத்தையே பெரிதும் நம்பியோர் எண்ணிப் பார்க்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்று 2024ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. தம் சம்மதமின்றியே தம்மை ஒரு திட்டத்திலே சேர்த்துவிட்டனர் என்றும், இருந்த திட்டத்தை மாற்றிவிட்டனர் என்றும் பல்லாயிரக்கணக்கானோர் முறையிட்டனர். அவ்வாண்டு யூன் முதல் ஒக்டோபர் வரையான காலத்தில் மட்டும் 850 முகவரும் தரகரும் சந்தையிலே தொழில் செய்யும் உரிமையை இடைநிறுத்தவேண்டியதாயிற்று. இவர்கள் மாநில அனுமதி பெற்று, சேர்ப்போர் தொகைக்கேற்பத் தரகுப் பணம் பெறும் தொழிலாளர். முகவர் அனைவரும் வஞ்சகர் என்பது இதன் பொருளன்று. நேர்மையாகத் தொழில் புரிந்து, பலர் நன்றியைப் பெற்றவர் அவருட் பலர். ஆயினும் 2013ஆம் ஆண்டிலே தொண்டரைப் பற்றி எழுப்பப்பட்ட அச்சம், பதினோராண்டுகளின் பின், முத்திரை பெற்ற தொழிலாளரிடத்தே மெய்யாயிற்று. முதியோருக்குப் பல பத்திரங்களை விற்ற பழைய கதையும் இதுவே. முத்திரை ஒருவரின் தகுதிக்குச் சான்று பகரலாம். அவர் எவருடைய பணத்துக்காக உழைக்கின்றார் என்பதை அது கூறாது.

சாமுவேல் போலின் ஐம்பது டொலர் தண்டத்திலிருந்து இன்றுவரை, இவ்வரலாறு முழுவதும் இரண்டு வினாக்களைச் சுற்றியே வந்துள்ளது. வழிகாட்டுபவர் நம்பத்தக்கவரா என்பது ஒன்று. வழிகாட்டுபவர் இல்லாதவிடத்து ஏழை என் செய்வான் என்பது மற்றையது. மாநிலங்கள் முதல் வினாவைக் கேட்டது குற்றமன்று. இரண்டாவதைக் கேட்க மறந்ததே குறை. துறைமுகத்திலே மீகாமனின் தகுதியைச் சோதித்தல் வேண்டும். சோதனை முடியும்வரை கப்பலும் அதிலுள்ளோரும் கடலிலேயே காத்து நிற்கின்றனர் என்பதையும் சோதிப்போர் மறத்தலாகாது.